நின்றுபோன பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

காவிரிப் படுகையின் கிராமத்து வீடுகளில், நெல் மூட்டைகளுக்கும் வைக்கோலுக்கும் அருகில், பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கும் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட 496 சி.சி. பி.எஸ்.ஏ. எம்20, 490 சி.சி. நார்ட்டன் 16எச் போன்றவை அரிதாகக் கண்ணில் படும். இங்கிலாந்தின் ரெடிச்சில் உருவாகி, 1955இல் சென்னையில் தொடங்கப்பட்ட நிறுவனத்தால் இங்கேயே கட்டப்பட்ட 346 சி.சி. ராயல் என்ஃபீல்டு புல்லட்தான் பரவலாகக் கிடைப்பது. இவற்றை மீட்டெடுக்க விரும்புவோர் பலர் என்ஜினைப் பிரிப்பதிலிருந்தே வேலையைத் தொடங்குகின்றனர். இந்தப் பகுதியில் நின்ற வண்டிக்கு அது பொருந்தாத தொடக்கம் என்று உறுதியாகக் கருதுகிறேன். ஓடித் தேய்ந்த வண்டியின் கோளாறு வேறு, நின்று ஈரம் குடித்த வண்டியின் கோளாறு வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையும், சம்பா வயல்களின் ஈரக்காற்றும், கீழைப் பகுதியின் உப்பும் முதலில் தாக்குவது பெட்ரோல் டேங்கையும், மின்கம்பி இணைப்புகளையும், பேட்டரியின்றிப் பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுருளையும்தான். சிலிண்டருக்குள் அவை போய்ச் சேர்வது பிறகே. ஆகவே வண்டி காட்டும் அறிகுறியைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து உள்ளே போவதே முறை.

வேலையைத் தொடங்குமுன் ஸ்பேனர்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வண்டிகளின் நட்டு, போல்ட்டுகளில் பெரும்பாலானவை விட்வொர்த் வகையையும் அதைச் சார்ந்த பழைய பிரிட்டிஷ் மரை வகைகளையும் சேர்ந்தவை. அவற்றுக்கான ஸ்பேனரில் பொறிக்கப்பட்ட அளவு நட்டின் அகலத்தைக் குறிக்காது. போல்ட் தண்டின் விட்டத்தையே குறிக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரை ஏறத்தாழப் பொருத்தித் திருகினால், ஏற்கெனவே துருவேறிய நட்டின் முனைகள் மழுங்கிவிடும். நுண்ணிய இடைவெளியை அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ், ஒரு மல்டிமீட்டர், ஒரு 6 வோல்ட் பல்பு ஆகியவையும் இருந்தால் கீழே சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

கிக்கர் அசையவே இல்லை

முதலில் வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியாக டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்த கலவையை ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட வேண்டும். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். கிக்கர் மேல் ஏறிக் குதிப்பது கிக்கரின் பற்களையும் கியர்பாக்ஸ் உறையையும் உடைக்கும் வழி. சிறிது அசைவு கிடைத்ததும் முழுச்சுற்றுச் சுற்றிவிடும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். புல்லட் போன்ற மேல்வால்வு என்ஜினில் ராக்கர் மூடிகளைத் திறந்து, இரு வால்வுகளும் அழுத்தினால் இறங்கி ஸ்பிரிங்கின் விசையால் திரும்பி வருகின்றனவா என்று பார்த்த பின்னரே சுற்ற வேண்டும். துருவால் கைடில் (வால்வுத் தண்டு நகரும் குழல்) சிக்கிய வால்வு, அதை இயக்கும் தண்டான புஷ்ராடை வளைத்துவிடும். ஊறிய கலவையும் பழைய ஆயிலும் முழுவதுமாக வடிக்கப்பட்டு, ஃபில்டர் கழுவப்பட்டு, புது ஆயில் ஊற்றப்படும் வரை என்ஜினை ஓட்டக் கூடாது.

கிக்கர் இறங்குகிறது, என்ஜினில் ஓசை இல்லை

பிளக்கைக் கழற்றி, அதன் உலோகப் பகுதி சிலிண்டர் தலையில் நன்கு படும்படி வைத்து, பெட்ரோல் வாடை வீசும் துளையிலிருந்து தள்ளிப் பிடித்து உதைத்துப் பாருங்கள். நீல நிறத்தில் சடசடவென்று பொறி வந்தால் மின்பகுதி குற்றமற்றது. மெலிந்த மஞ்சள் பொறி வந்தாலோ, பொறியே வராவிட்டாலோ, மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் தொடுமுனைகளான பாயிண்ட்டுகளிலிருந்து தொடங்க வேண்டும். நீண்ட நாள் நின்ற வண்டியில் பாயிண்ட் முகங்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகியிருக்கும். நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த தாளை இடையில் விட்டு இழுத்தால் பல வண்டிகளில் பொறி திரும்பிவிடும். இடைவெளி, லூக்காஸ் நிறுவன மேக்னெட்டோ பொருத்திய வண்டிகளில் சுமார் 0.30 மில்லிமீட்டரும், சென்னை புல்லட்டின் காயில் இக்னிஷனில் (பேட்டரி மின்சாரத்தால் பொறி உண்டாக்கும் முறை) 0.35 முதல் 0.40 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும்.

மார்கழிக் காலையில் எத்தனை உதைத்தாலும் எழாத வண்டி, வெயில் ஏறிய பிறகு இரண்டே உதையில் எழுமானால், அங்கே பழுது, பிளக்குக்கு உயர் அழுத்த மின்சாரம் கொண்டுசெல்லும் ஹைடென்ஷன் வயரில் இருக்கிறது. வெடிப்பு விட்ட ரப்பர் உறையின் மேல் பனி ஈரம் படியும்போது மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் உறையின் வழியாகவே வண்டிச் சட்டத்துக்குத் தாவிவிடுகிறது. இருட்டில் உதைத்துப் பார்த்தால் அந்தத் தாவலைக் கண்ணாலேயே காணலாம். வயரையும் பிளக் மூடியையும் புதிதாக மாற்றுவதே தீர்வு. இன்சுலேஷன் டேப் சுற்றுவது ஈரத்தை உள்ளே சிறைவைப்பதாகவே முடியும்.

நெல் சேமிக்கும் வீட்டில் நின்ற வண்டியானால் வயரிங் முழுவதையும் கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். எலி கடித்த கம்பி துணி உறைக்குள் மறைந்திருக்கும். சைலன்சருக்குள் எலி சேர்த்த வைக்கோலும், கார்புரேட்டரின் வாயிலும் டேங்க் மூடியின் காற்றுத் துளையிலும் குளவி கட்டிய மண்கூடும் இங்கே வழக்கமானவை. பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் என்ஜின் ஓரிரு முறை இருமிவிட்டு அடங்கினால், நீண்ட கம்பி ஒன்றைச் சைலன்சருக்குள் விட்டுப் பார்ப்பது வேறெந்தச் சோதனைக்கும் முன்னதாகச் செய்யத்தக்கது.

பொறி இருக்கிறது, ஓடிவிட்டுத் திணறுகிறது

டேங்கில் இருப்பதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தெளிந்த தனி அடுக்கு தெரிந்தால் அது பெட்ரோலிலிருந்து பிரிந்த நீர். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் இந்தத் தொல்லை முன்பைவிடக் கூடியிருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் ஈரம் சேர்ந்ததும் இரண்டும் சேர்ந்து கனத்து அடியில் இறங்கிவிடும். பெட்ரோல் டேப்பின் வாய் இருப்பதும் அந்த அடிப்பகுதியில்தான். மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே ஓடும் வண்டியில் டேங்கை அரைகுறையாக நிரப்பி வைப்பதைத் தவிர்க்க வேண்டும். மழைக்காலம் முழுவதும் நிற்கப்போகும் வண்டியின் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்து உலர்த்தி, டேங்கின் உட்புறத்தில் எண்ணெய் பூசி வைப்பது நல்லது. எத்தனால் கலந்த பெட்ரோலில், என்ஜினுக்குப் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவை சற்று நீர்த்துப்போவதால், கார்புரேட்டர் வழியாகத் துப்புவதும் பிளக் வெளுத்துக் காணப்படுவதும் உண்டு. கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து கலவை செறிவாகும்.

டேங்கின் உட்புறத் துருவைச் சரளைக்கல் போட்டுக் குலுக்கி எடுப்பதைவிட மின்பகுப்பு முறை பாதுகாப்பானது என்பது என் கருத்து. மெலிந்துபோன பழைய தகடு கல்லின் அடிக்குத் தாங்காது. டேங்கில் சலவைச் சோடாக் கரைசலை நிரப்பி, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையை டேங்கிலும், பாசிட்டிவ் முனையை டேங்கின் சுவரில் எங்கும் படாமல் தொங்கும் சாதாரண இரும்புக் கம்பியிலும் இணைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் சேர்மம் கரைசலில் இறங்கும். இந்த வேலையில் ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால், டேங்கில் பெட்ரோல் வாடை அறவே நீங்கும்படி முன்கூட்டியே கழுவி, திறந்த முற்றத்தில் வைத்துச் செய்து, சார்ஜரை அணைத்த பிறகே இணைப்புகளைக் கழற்ற வேண்டும். துரு நீங்கிய வெற்று இரும்பு ஈரக்காற்றில் மிக விரைவில் மீண்டும் துருவேறும். ஆகவே இதைச் சித்திரை, வைகாசி வெயிலுக்கென ஒதுக்கிக் காத்திருப்பது வீண் காலம் ஆகாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்போர் உவர்ப்பான போர் தண்ணீரில் டேங்கைக் கழுவாமல், பிடித்து வைத்த மழைநீரையே பயன்படுத்த வேண்டும்.

பழைய பெட்ரோல் டேப்பின் கார்க் உலர்ந்து சுருங்கி ஒழுகினால், கழற்றிக் கொதிநீரில் சிறிது நேரம் இட்டால் மீண்டும் உப்பும். ஆமல் நிறுவன கார்புரேட்டரில் பித்தளை மிதவை இருந்தால், அதைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பும் ஓசை கேட்டாலும், வெந்நீரில் அமிழ்த்தும்போது குமிழ் வந்தாலும் அதில் ஓட்டை இருக்கிறது.

சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறியதும் ஓடுகிறது

மிகுந்த குழப்பத்தையும் வீண் செலவையும் உண்டாக்கும் அறிகுறி இதுவே. எனவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். காலையில் குறையின்றிப் புறப்படும் வண்டி தஞ்சாவூர்ச் சாலையில் சில கிலோமீட்டர் போனதும் அடங்கிவிடும். மரநிழலில் அரை மணி நேரம் நின்றால் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது ஆறிவிட்டிருக்கும் என்பதால் அங்கே எந்தக் குறையும் தென்படாது. ஆகவே நின்ற இடத்திலேயே, நின்ற மறுநிமிடமே சோதிக்க வேண்டும். பிளக் ஸ்பேனரையும் ஒரு கைத்துணியையும் வண்டியிலேயே வைத்திருங்கள்.

முதலில் டேங்க் மூடியைத் திறவுங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, உடனே வண்டி எழுந்தால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ஓசை கேட்காவிட்டால், கார்புரேட்டரின் டிக்லரை (மிதவையை அழுத்திப் பெட்ரோலைப் பொங்கவைக்கும் சிறு பொத்தான்) அழுத்துங்கள். பெட்ரோல் உடனே பொங்கி வழியாவிட்டால் டேப்பின் சல்லடையிலோ குழாயிலோ துருச்சேறு நிற்கிறது. பெட்ரோலும் வந்தால் பிளக்கைத் துணியால் பிடித்துக் கழற்றிப் பொறியைப் பாருங்கள். காலையில் நீலமாக இருந்த பொறி இப்போது மெலிந்தோ இல்லாமலோ போயிருந்தால் ஐயத்துக்குரியது, பாயிண்ட்டுகளுக்கு இடையே பொறி தெறிக்காமல் தடுக்கும் கண்டன்சர். பாயிண்ட்டுகளுக்கு இடையே வெளிப்படையாகப் பொறி தெறிப்பதும், ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் உண்டாகியிருப்பதும் அதை உறுதிப்படுத்தும். காயில் இக்னிஷன் வண்டியில் கண்டன்சரை மாற்றுவது எளிய, மலிவான வேலை.

மேக்னெட்டோ வண்டியில் நிலைமை வேறு. லூக்காஸ் மேக்னெட்டோவில் கண்டன்சர், சுழலும் சுருள் பகுதியான ஆர்மேச்சருக்கு உள்ளேயே புதைந்திருக்கிறது. சுருளைக் காக்கப் பூசப்பட்ட ஷெல்லாக்கும் வெப்பத்திலும் ஈரத்திலும் இளகிப் பிசுபிசுத்துவிடும். சில நேரங்களில் ஆர்மேச்சரே சுற்ற முடியாமல் ஒட்டிக்கொள்ளும். நம் பகுதியில் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவதில் கைதேர்ந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் மேக்னெட்டோவின் இரண்டாம் சுருள் தலைமுடி போன்ற கம்பியால் ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்டது. உயர் அழுத்தத்தைத் தாங்கும் காப்பும் அதற்கு வேண்டும். எனவே இதை மேக்னெட்டோ வேலையையே தொழிலாகக் கொண்டவரிடம்தான் அனுப்ப வேண்டும். மலிவாகக் கட்டித் தருவதாகச் சொல்பவரிடம் கொடுத்து அசல் ஆர்மேச்சரை இழந்தால் மாற்று கிடைப்பது அரிது.

பொறி, பெட்ரோல் இரண்டும் குறையின்றி இருந்து, நின்ற தருணத்தில் கிக்கர் வழக்கத்தைவிடக் கனமாக இறங்கினால் பிஸ்டன் இறுகுகிறது என்று பொருள். புதிதாக போர் செய்த (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்த) வண்டிகளில் இது நிகழும். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்து லேத் பட்டறைகளில் ஆயில் என்ஜின் சிலிண்டர்களை மிக நேர்த்தியாக போர் செய்து தருகிறார்கள். அந்த ஆயில் என்ஜின்களில் பெரும்பாலானவை தண்ணீரால் குளிர்விக்கப்படுபவை. காற்றால் மட்டும் குளிரும் மோட்டார் சைக்கிள் என்ஜினில் பிஸ்டன் கூடுதலாக விரிவடைவதால், சிலிண்டருக்கும் அதற்கும் இடையே அதிக இடைவெளி வேண்டும். எனவே சிலிண்டரை மட்டும் கொடுத்துவிட்டு வராமல், பொருத்தப்போகும் பிஸ்டனையும் கொடுத்து, அதன் தயாரிப்பாளர் குறித்துள்ள இடைவெளியை எழுதிக் காட்டி, "இது காற்றில் ஆறும் என்ஜின்" என்று பட்டறைக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கிக்கர் திருப்பி அடிக்கிறது

கணுக்காலுக்கே ஆபத்தான அறிகுறி இது. சரிசெய்யும் வரை மேலும் உதைக்க வேண்டாம். பொறி உரிய நேரத்துக்கு வெகு முன்னதாக வருகிறது. பொறி வரும் நேரத்தை முன்பின்னாக மாற்றும், கையால் இயக்கும் அட்வான்ஸ் லீவர் உள்ள வண்டியில் அதைப் பின்தள்ளிய நிலையில் வைத்தே உதைக்க வேண்டும். தானியங்கி அட்வான்ஸ் உள்ள வண்டியில் எடைகளும் ஸ்பிரிங்குகளும் துருவால் விரிந்த நிலையிலேயே சிக்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். கையால் திருப்பிவிட்டால் அவை தாமாகத் திரும்பி வர வேண்டும். பாயிண்ட் முறை உள்ள சென்னை புல்லட் 350இல், அட்வான்ஸ் முழுதும் அடங்கிய நிலையில், பிஸ்டன் மேல்முனையை அடைய 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்ட்டுகளுக்கு இடையே மெல்லிய தாளைச் செருகி, அது நழுவும் கணத்தைக் கண்டுகொள்ளலாம்.

புகை

நிறத்தைவிடப் புகை வரும் நேரமே அதிகம் சொல்லும். பல நாள் நின்ற வண்டி எழுந்ததும் நீலப்புகை கக்கி, சில நிமிடங்களில் தெளிந்துவிட்டால், ஆயில் பம்ப்பின் வழியாகக் கசிந்து கிராங்க்கேஸில் தேங்கியிருந்தது என்று பொருள். அடிப்பகுதியின் வடிகால் போல்ட்டைக் கழற்றித் தேங்கியதை வடித்துவிட்டு ஓட்டலாம். என்ஜினைத் திறக்கத் தேவையில்லை. ஆக்சிலேட்டரை மூடி இறக்கத்தில் வந்து, மீண்டும் திறக்கும்போது மட்டும் புகைந்தால் வால்வு கைடுகள் தேய்ந்திருக்கின்றன. சமதரையான நம் பகுதியில் இதைப் பார்க்கக் கொள்ளிடப் பாலம் போன்ற மேட்டிலிருந்து இறங்கும் இடம் வேண்டும். இழுவையின்போது இடைவிடாமல் நீலமாகப் புகைந்தால் ரிங்குகளையும் போரையும் ஐயுற வேண்டும். அப்போதும் பிரிக்குமுன் ஒரு சோதனை உண்டு: கிக்கரின் மேல் உடல் எடையை நிறுத்தி, அது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு, பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயிலை ஊற்றி மீண்டும் பாருங்கள். ஆயில் ஊற்றிய பின் நன்கு தாங்கினால் குறை ரிங்கில், மாற்றமில்லாவிட்டால் வால்வில். எம்20 போன்ற பக்கவால்வு என்ஜினின் அழுத்த விகிதம் ஏறக்குறைய 5:1 மட்டுமே என்பதால், அது புல்லட்டைப் போல் தாங்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

எல்லா இணைப்புகளிலும் ஆயில் கசிகிறது

பிரிட்டிஷ் வண்டியென்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும் என்று விட்டுவிடுவது அந்த வண்டிக்குச் செய்யும் அநீதி. ஒரே இடத்தில் கசிந்தால் அங்குள்ள பேக்கிங்கைப் பார்க்கலாம். பல இடங்களில் ஒருசேரக் கசிந்தால் கிராங்க்கேஸின் மூச்சுக்குழல் அடைபட்டு, பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் அழுத்தம் வெளியேற வழியின்றி ஆயிலைத் தள்ளுகிறது. புல்லட்டில் இதற்கென உள்ள வாத்து அலகு வடிவ ரப்பர் வால்வு வருடக்கணக்கில் காய்ந்து கெட்டிப்பட்டிருக்கும். அதை மாற்றிவிட்டு, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே பசைகளைத் தேடுங்கள். அதோடு ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டை, மெதுவான ஓட்டத்தில் சற்றுத் தளர்த்தி, ஆயில் கசிந்து வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். வராவிட்டால் என்ஜினை உடனே அணைத்து, பம்ப்பைச் சோதிக்க வேண்டும்.

பெயிண்ட் அடித்த பிறகு விளக்கு எரியவில்லை, சார்ஜ் ஏறவில்லை

மீட்டெடுப்பின் இறுதியில் வரும் இந்தத் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பளபளப்பான பெயிண்ட்டேதான். இவ்வண்டிகளில் சட்டமே மின்சாரம் திரும்பும் பாதை. பவுடர் கோட்டிங் அந்தப் பாதையை மூடிவிடுகிறது. எர்த் போல்ட் அமரும் ஒவ்வொரு இடத்திலும் பெயிண்ட்டைச் சுரண்டி, வெற்று உலோகத்தில் இறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். கடற்கரைப் பகுதியில் அந்தக் கிரீஸ் இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் அங்கே துரு அரும்பி, பழைய தொல்லை திரும்பும். சுரண்டும் ஆவலில் என்ஜின் எண்ணையும் சட்ட எண்ணையும் மழுக்கிவிடாதீர்கள். பதிவு அலுவலகத்தில் அவற்றைக் கொண்டே வண்டியை அடையாளம் காண்கிறார்கள்.

1950களின் லூக்காஸ் மின்சாதனங்கள் பெரும்பாலும் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் முறையில் அமைந்தவை. இன்றைய பழக்கத்தில் நெகட்டிவை எர்த் செய்யுமுன் வண்டியின் வரைபடத்தைப் பாருங்கள். 6 வோல்ட் டைனமோவைச் சோதிக்க, அதன் டி, எஃப் முனைகளிலிருந்து கம்பிகளைக் கழற்றி, அவ்விரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, அங்கிருந்து சட்டத்துக்கு மீட்டரை வைத்து, என்ஜின் வேகத்தை மெல்ல உயர்த்த வேண்டும். வோல்ட்டேஜ் தடையின்றி ஏறினால் டைனமோ நன்றாக இருக்கிறது, குறை ரெகுலேட்டரில் அல்லது வயரிங்கில். 10 வோல்ட்டைத் தாண்டவிடாமல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கியர் விழுந்ததும் வண்டி பாய்கிறது

கிளட்ச் பிளேட்டுகள் நின்ற காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. என்ஜினை அணைத்து, கிளட்ச் லீவரை முழுதும் பிடித்தபடி கிக்கரை அழுத்தினால், அவை பிரிந்ததும் கிக்கர் எதிர்ப்பின்றி இறங்கும்.

பிரேக் பிடிக்கவில்லை

டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை ஊதவும் கூடாது, கம்ப்ரஸர் காற்றைப் பாய்ச்சவும் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அத்துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். லைனிங்கில் கிரீஸ் ஊறியிருந்தால் கழுவிப் பயனில்லை. புது லைனிங் ஒட்டி, கிரீஸ் கசிந்த வீல் பேரிங்கின் சீலையும் மாற்ற வேண்டும். பெடலை மிதிக்கும்போது ஒரு சுற்றில் பிடித்தும் விட்டும் வந்தால் டிரம் வட்டம் குலைந்திருக்கிறது. அதைச் சக்கரத்தோடு, ஆரக்கம்பிகள் இறுக்கப்பட்ட நிலையிலேயே லேத்தில் கடைந்தெடுக்க வேண்டும். ஹப்பை மட்டும் தனியே கடைந்தால், ஆரக்கம்பிகளை இறுக்கியதும் வட்டம் மீண்டும் குலையும்.